பத்தமடைப் பாய்க் கடைத் தளத்தில் கட்டுரைகளைக் குறைத்த விதம்

பத்தமடைப் பாய் விற்கும் தளம் ஒன்றில், கூகுள் தேடலுக்காகவே எழுதிய கட்டுரைகள் குவிந்து கிடந்தன. 'பாயில் படுப்பதன் 10 நன்மைகள்' வகையறா. படிக்க ஆள் வரும், பாய் வாங்க வராது. (கட்டுரைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர் இதைச் சொல்லமாட்டார்.)

தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு கிடைக்கும். முழுவதையும் எடுத்து, எந்தப் பக்கம் எந்தத் தேடலுக்கு வருகிறது என்று பார்த்தேன். ஒரே தேடலுக்கு நாலைந்து பக்கங்கள் முட்டிக்கொண்டு நின்ற இடத்தில் ஒன்றை மட்டும் வைத்து, மற்றவற்றின் உருப்படியான பத்திகளை அதில் சேர்த்தேன். பழைய முகவரிகளை 301 (நிரந்தரத் திருப்பல்) போட்டு அங்கே திருப்பிவிட்டேன். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பினால் கூகுள் அதை 'சாஃப்ட் 404', அதாவது இல்லாத பக்கம் என்று எடுத்துக்கொள்ளும். தேடுபொறி எதைப் பார்க்கக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் பழைய முகவரியைத் தடுத்தாலும் வீண். திருப்பிவிட்டதே கூகுளின் கண்ணில் படாது. குறைந்தது ஓராண்டுக்கு அந்த 301-ஐ எடுக்கக் கூடாது.

பிறகு எழுதியவை, வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் கேட்பவை மட்டும்: கோரைக்கும் பிளாஸ்டிக்குக்கும் விலை ஏன் இவ்வளவு வித்தியாசம், ஈரம் பட்ட பாயைப் பூஞ்சை பிடிக்காமல் எப்படிக் காயவைப்பது, கல்யாணப் பாயில் பெயர் நெய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் அளவும் விலையும் மேலேயே இருக்கும்.