மெடிக்கல் கார்டு விற்கும் முன் முழு ஒப்பந்தத்தையும் வாங்கிப் படிப்பது எப்படி

மலேசியாவில், நெகிரி செம்பிலானின் பகாவ் வட்டாரத் தோட்டங்களில் மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவச் செலவுக் காப்புறுதி, விற்பது என் தொழில். புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் ஆளை எப்படிப் பிடிப்பது, எப்படிப் பேசுவது என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: "நீ விக்கிற பிளானோட பாலிசி ஒப்பந்தம் உன் கையில இருக்கா?" பெரும்பாலும் இருக்காது. வண்ணப் பிரசுரம் இருக்கும், பயிற்சியில் காட்டிய ஸ்லைடு இருக்கும், போனிலேயே கணக்குப் போட்டுத் தரும் கொட்டேஷன் இருக்கும்.

விற்கும் முன் வாடிக்கையாளரிடம் பி.டி.எஸ். என்கிற விளக்கத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி. அது தேவையான தாள்தான், ஆனால் சுருக்கம். சிரம்பானில் ஒருவர் தனியார் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது, பில்லை நிறுவனம் கட்டும் என்று உறுதி தரும் கேரண்டி லெட்டர் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவர் ஒப்பந்தத்தின் வாசகத்தைத்தான் பார்ப்பார். அதே வாசகத்தை நாமும் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

எப்படி வாங்குவது? முதலில் நிறுவனத்தின் ஏஜண்ட் தளத்தில் தேடுங்கள். சில நிறுவனங்கள் மாதிரி ஒப்பந்தத்தை அங்கேயே வைத்திருக்கும். இல்லையென்றால் உங்கள் லீடரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் "அப்புறம் அனுப்புறேன்" என்பதோடு போய்விடும். பிளானின் பெயர், எந்த ஆண்டுப் பதிப்பு, எத்தனை வெள்ளி (ரிங்கிட்) அறை வாடகைத் திட்டம் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, பெயர் விவரம் இல்லாத மாதிரி பாலிசி ஒப்பந்தம் வேண்டும் என்று மின்னஞ்சல் போடுங்கள். முதலீட்டுடன் இணைந்த பாலிசி என்றால் அடிப்படைப் பாலிசியை மட்டும் வாங்கி ஏமாந்துவிடாதீர்கள். மருத்துவச் செலவு பற்றிய வாசகம் முழுக்க ரைடரின், அதாவது அதோடு சேர்க்கும் கூடுதல் பாதுகாப்பின், பக்கங்களில்தான் இருக்கும். இரண்டையும் கேளுங்கள். உறவுக்காரர் வைத்திருக்கும் பழைய பாலிசியைப் படித்துப் பழகலாம், ஆனால் அதை வைத்துப் புதிய பிளானை விற்கக் கூடாது, வாசகம் மாறியிருக்கும்.

"முதல்ல விற்பனைய முடி, பாலிசி வந்தப்புறம் 15 நாள் இருக்கே, பிடிக்கலன்னா திருப்பிக் கொடுக்கட்டும்" என்று சில லீடர்கள் சொல்வார்கள். இதை நான் ஏற்பதே இல்லை. அந்த 15 நாள் பாலிசி கைக்குக் கிடைத்ததிலிருந்து ஓடத் தொடங்குகிறது. நம் மக்களில் பலர் விண்ணப்பத்தில் கொடுப்பது கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகனின் மின்னஞ்சலை. அவன் தீபாவளிக்கு வந்து திறந்து பார்ப்பதற்குள் நாள் கடந்திருக்கும். அதுவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஐம்பது அறுபது பக்கங்களை லயத்து வீட்டில் யார் உட்கார்ந்து படிப்பது? நாம்தான் படித்துச் சொல்ல வேண்டும். முழு ஒப்பந்தம் கைக்கு வராத பிளானை நான் விற்பதில்லை.

சரி, வந்துவிட்டது. பயன் அட்டவணையை விட்டுவிட்டு, சொல் விளக்கப் பகுதியில் ஆரம்பியுங்கள். அதில் 'ஏற்கெனவே இருந்த நோய்' என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் பென்சிலால் கோடு போட்டுப் படியுங்கள். டாக்டர் பெயர் வைத்த நோய் மட்டும் அதில் அடங்குவதில்லை. சிகிச்சை எடுத்தது, எடுக்கச் சொல்லி அறிவுறுத்தப்பட்டது, அறிகுறி தெளிவாகத் தெரிந்தது எல்லாமே அதற்குள் வரும். தோட்டத்து கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெசர் "இனிப்புநீர் கொஞ்சம் கூடுதலா இருக்கு, ஜெம்போல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாரும்மா" என்று சொல்லியிருந்தால், அந்த அம்மா போகாமலே இருந்திருந்தாலும், அதுவும் கணக்கில் வரலாம். ஆகவே விண்ணப்பத்தில் "நோய் ஏதும் இருக்கா?" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டு 'இல்லை' போட்டுவிடாதீர்கள். கிளினிக் அட்டையை எடுத்து வரச் சொல்லுங்கள். மாத்திரை டப்பாவையும் பாருங்கள். 2013 நிதிச் சேவைச் சட்டப்படி, கேட்கும் கேள்விக்குத் தவறான தகவல் தராமல் கவனமாக இருப்பது வாடிக்கையாளரின் கடமை. அவர் அக்கறையோடு பதில் சொல்லும்படி கேட்பது நம் வேலை.

அடுத்தது காத்திருப்புக் காலம். விபத்தைத் தவிர மற்ற நோய்களுக்குப் பொதுவாக முதல் 30 நாள் பாதுகாப்பு இல்லை. குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள். ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், இருதய நோய், கட்டிகள், சிறுநீரகக் கல், குடலிறக்கம், மூலம், முதுகெலும்புக் கோளாறு, முழங்கால் கோளாறு என்று அந்தப் பட்டியல் போகும். நாளெல்லாம் அண்ணாந்து செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு முதுகும் முழங்காலும்தான் முதலில் போகும். அவரிடம் இந்தப் பட்டியலை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது. பழைய கார்டை நிறுத்திவிட்டுப் புதியது எடுக்கச் சொல்லும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும், இடையில் வந்த நோய் 'ஏற்கெனவே இருந்தது' ஆகிவிடும்.

பிரசுரத்தில் கண்ணில் படாத இன்னொன்று அறை வாடகை. பல ஒப்பந்தங்களில், தகுதிக்கு மேலான அறையில் தங்கினால் மற்றச் செலவிலும் 20% நீங்களே கட்ட வேண்டும் என்றிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்டில் 150 வெள்ளி அறை. காலியில்லை என்று 250 வெள்ளி அறையில் நாலு நாள் தங்குகிறார். அறை வித்தியாசம் 400 வெள்ளிதானே என்று நினைப்பார். அறுவைச் சிகிச்சை, மருந்து எல்லாம் சேர்ந்து 12,000 வெள்ளி என்றால், அதில் 2,400 வெள்ளியும் அவர் தலையில் விழும். மொத்தம் 2,800. தோட்டத்துச் சம்பளத்தில் அது எத்தனை மாதச் சேமிப்பு! இந்தக் கணக்கை நான் எல்லா வீட்டிலும் தாளில் எழுதிக் காட்டுகிறேன். உங்கள் பிளானில் விழுக்காடு வேறாக இருந்தால் அதைப் போடுங்கள்.

விலக்குப் பட்டியலில், பரிசோதனைக்காக மட்டும் படுப்பதற்குப் பணம் இல்லை என்ற வரியைக் கட்டாயம் காட்டுங்கள். 'எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்க்கலாம்' என்று கார்டு வாங்குகிறவர்கள் உண்டு. இணைக்கட்டணம் உள்ள திட்டமா, இல்லாததா என்பதையும் சொல்லுங்கள். 2024 செப்டம்பர் முதல் நிறுவனங்கள் இணைக்கட்டணம் உள்ள திட்டத்தையும் ஒரு தேர்வாகக் கொடுத்தாக வேண்டும். பிரீமியம் குறைவாகத் தெரியும், ஆனால் பில்லில் ஒரு பங்கு அவருடையது. பிரீமியம் நிலையானது அல்ல, உயரும் என்ற வரியும் ஒப்பந்தத்திலேயே உண்டு. அதை மறைத்து விற்றால் சில வருடத்தில் அவர் கட்ட முடியாமல் விட்டுவிடுவார், நோய் வரும் வயதில் கையில் கார்டு இருக்காது.

புரியாத வரி இருந்தால் நீங்களாக அர்த்தம் சொல்லாதீர்கள். பக்க எண், வரி எண் போட்டு நிறுவனத்துக்கு எழுதி, பதில் வரும்வரை அந்த வீட்டுக்கு "அடுத்த வாரம் வர்றேன் அக்கா" என்று சொல்லிவிடுங்கள். வந்த பதிலை அச்செடுத்து ஒப்பந்தத்தோடு கிளிப் போட்டு வையுங்கள். பாலிசி வந்ததும் நேரில் போய், மாதிரியில் நீங்கள் கோடு போட்ட இடங்களை உண்மையான பாலிசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் 15 நாள் முடியும் தேதியை அதன் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.