சிரிப்பும் ஜெபமும் கலந்த சரித்திரக் காதல் நாவல்கள்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணக்கார வீட்டு நடன விருந்து. எல்லார் முன்னாலும் கால் இடறி விழும் கதாநாயகி, தூக்கிவிட வரும் கனவான், நடுநடுவே ஜெபம். கிறிஸ்தவ சரித்திரக் காதல் நாவல்களில் நகைச்சுவை வகையை மேலோட்டமாகப் புரட்டினால் இவ்வளவுதான் கண்ணில் படும். பாதியிலேயே மூடி வைக்கிறவர்கள் "சிரிப்பே வரலையே" என்பார்கள். இந்தக் கதைகளின் சிரிப்பு, அந்தக் கால மேல்தட்டுக் குடும்பங்களின் கட்டுப்பாடுகளுக்குள் இருக்கிறது. கதாநாயகி எதை மீறினாள் என்று தெரிந்தால்தான் அந்தக் காட்சி சிரிக்க வைக்கும்.

லண்டனையும் நியூயார்க்கையும் ஒன்றாக நினைப்பது

முதல் தவறு அட்டையைப் பார்த்த உடனே நடந்துவிடுகிறது. நீண்ட கவுன், குதிரை வண்டி, மாளிகை என்றதும் எல்லாம் ஒரே காலம் என்று எடுத்துக்கொள்கிறோம். ரீஜென்சி காலம் என்றால் இங்கிலாந்தில் 1811 முதல் 1820 வரை. அங்கே பிரபுப் பட்டமும் பண்ணையும் மூத்த மகனுக்குப் போகும், இளையவன் ராணுவத்துக்கோ திருச்சபைப் பணிக்கோ போவான். காதலுக்குக் குறுக்கே நிற்பது இந்த ஏற்பாடுதான்.

ஆனால் இந்த நகைச்சுவை வகையில் பல கதைகள் 1870-களுக்கும் 1900-க்கும் இடைப்பட்ட நியூயார்க்கில் நடக்கின்றன. அமெரிக்காவில் பட்டம் கிடையாது. அங்கே கேட்கப்படும் கேள்வி, உங்கள் பணம் பழைய பணமா, புதுப் பணமா என்பதே. நியூயார்க் டச்சுக்காரர்கள் கையில் இருந்த காலத்திலிருந்து வந்த குடும்பங்கள் ஒரு பக்கம், ரயில்வேயிலும் சுரங்கத்திலும் சம்பாதித்தவர்கள் இன்னொரு பக்கம். 1872-ல் 25 ஆண்கள் 'பேட்ரியார்க்ஸ்' என்ற பெயரில் சேர்ந்து நடன விருந்துகள் நடத்தினார்கள். ஒவ்வொருவரும் நான்கு பெண்களையும் ஐந்து ஆண்களையும் அழைக்கலாம், அவ்வளவுதான். அவர்களை ஒன்றுசேர்த்த வார்ட் மெக்அலிஸ்டர் 1888-ல், நியூயார்க்கில் கணக்கில் வரும் ஆட்கள் ஏறக்குறைய 400 பேர்தான் என்று சொல்லிவைத்தார். 1892-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் அந்த 400 பெயர்கள்கூடத் தேறவில்லை. அழைப்பு வராத தாயின் பதற்றம், மகளை எந்த வாசல் வழியாகவாவது உள்ளே தள்ளிவிடும் வெறி எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. நகைச்சுவைக்கு இதைவிட நல்ல விளைநிலம் இல்லை.

சின்னச் சின்ன மரியாதைகளைத் தாண்டிப் படிப்பது

விசிட்டிங் கார்டு, அதாவது ஒருவர் வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் பெயர் அச்சிட்ட அட்டை, வரும் பத்தியைப் பெரும்பாலானவர்கள் கண்ணால் மேய்ந்துவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டிய இடம் அது. பெண்மணி வண்டியில் வருவார். கார்டு, வீட்டுத் தலைமை வேலைக்காரரான பட்லரின் வெள்ளித் தட்டுக்குப் போகும். நேரில் வந்ததைக் காட்ட ஒரு மூலையை மடித்திருப்பார். திருமணமானவர் என்றால் தன்னுடைய கார்டு ஒன்றும் கணவருடையது இரண்டும் வைப்பது முறை: கணவரின் கார்டுகளில் ஒன்று வீட்டுத் தலைவிக்கு, மற்றது தலைவருக்கு. மாடியில் ஆள் நடமாடும் சத்தம் கேட்டாலும் பட்லர் "அம்மா வீட்டில் இல்லை" என்பார். அதை யாரும் பொய்யாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று பார்க்க முடியாது என்று அதற்கு அர்த்தம். உள்ளே அழைத்தாலும் கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. பதிலுக்குக் கார்டு வரவே இல்லையென்றால் உறவு வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள் என்று பொருள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, முக்கால் மணி நேரம் சோபாவில் உட்கார்ந்து கேக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் அத்தையைப் படித்துப் பாருங்கள், விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

அந்த ஒரு துண்டு அட்டைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு நிஜ உதாரணமே உண்டு. ரயில்வேயில் சம்பாதித்த புதுப் பணக் குடும்பத்து ஆல்வா வாண்டர்பில்ட் 1883-ல் பிரம்மாண்டமான மாறுவேட நடன விருந்து ஏற்பாடு செய்தார். அழைப்பு வரும் என்று நம்பி, நியூயார்க் மேல்தட்டின் தலைவியாக இருந்த திருமதி ஆஸ்டரின் மகள் கேரி தோழிகளோடு நடனம் பழகிக்கொண்டிருந்தாள். ஆனால் திருமதி ஆஸ்டர் ஆல்வாவின் வீட்டுக்குக் கார்டு வைத்ததே இல்லை, அறிமுகம் இல்லாதவரை எப்படி அழைப்பது என்றாராம் ஆல்வா. கடைசியில் ஆஸ்டர் வீட்டுக் கார்டு வந்து சேர்ந்தது, அதன் பிறகே அழைப்பு போனது என்று சொல்வார்கள்.

பேச்சிலும் இப்படித்தான். மூத்த மகளைக் குடும்பப் பெயரோடு 'மிஸ்' சேர்த்து அழைப்பார்கள், தங்கைகளுக்கு 'மிஸ்' என்பதோடு சொந்தப் பெயரும் சேரும். அறிமுகமான ஆண் சட்டென்று வெறும் பெயரைச் சொல்லிவிட்டால் அறையே திரும்பிப் பார்க்கும். ஏரிக்குள் விழுந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கும்போதும் கதாநாயகி முழு மரியாதையோடு, இலக்கணம் பிசகாத நீண்ட வாக்கியத்தில் பேசுவாள். வேகமாகப் படித்தால் இந்த வாக்கியங்கள் சலிப்புத் தட்டும். உரையாடலை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள், அல்லது ஆடியோ புத்தகமாகக் கேளுங்கள். தாளம் பிடிபட்டுவிடும்.

திருச்சபையைப் பின்னணிப் படமாக நினைப்பது

அன்றைய நியூயார்க்கில் ஆலயமும் விருந்தும் ஒரே காலண்டரில் ஓடின. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்கும் சாம்பல் புதனோடு பெரிய நடன விருந்துகள் நிற்கும், ஈஸ்டருக்குப் பிறகுதான் மறுபடி. ஆல்வாவின் விருந்து நடந்தது மார்ச் 26, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. ஆகவே கதையில் லெந்து நாட்களில் யாராவது பெரிய நடனம் வைத்தால் கவனியுங்கள்: அந்த வீட்டு அம்மா வேண்டுமென்றே ஊரைச் சீண்டுகிறாள், அல்லது எழுதியவர் காலண்டரைப் பார்க்கவில்லை.

ஆலயத்தில் பெஞ்சுகூட விலைக்கோ வாடகைக்கோ எடுப்பதுதான். யார் எந்த வரிசை என்பதிலேயே அந்தஸ்து தெரியும். பிராட்வேயிலுள்ள கிரேஸ் ஆலயத்தில் ஐசக் பிரவுன் என்ற பணியாளர் இருந்தார். திருமணமும் அடக்கமும் கவனித்த அவரே பணக்கார வீட்டு விருந்துகளுக்கு அழைப்புப் பட்டியலையும் பார்த்துக்கொண்டார், நடனமாட இளைஞர்கள் குறைந்தால் ஆளும் ஏற்பாடு செய்தார். இது தெரிந்தால், ஞாயிறு ஆராதனையில் பின்வரிசையில் ஏழைப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்காரும் கதாநாயகன் எவ்வளவு பெரிய காரியம் செய்கிறான் என்பது உறைக்கும்.

ஜெபப் பத்திகளைத் தாண்டுவது, அல்லது பிரசங்கத்தை எதிர்பார்ப்பது

இரண்டுமே தவறு. இந்தக் கதைகளில் அநேகமாக ஒரு கலாட்டா, அதன் பின் தனிமையில் கடவுளோடு சில வரிகள், அடுத்து ஒரு முடிவு என்று போகும். நடுவிலுள்ளதைத் தாண்டிவிட்டால், கோடீஸ்வரனின் திருமணக் கோரிக்கையைக் கதாநாயகி ஏன் மறுத்தாள் என்பது புரியாது. அவளுடைய பெருமையும் பயமும் உடைகிற இடம் அந்தச் சில வரிகள்தான். மறுபக்கம், மனந்திரும்புதல் காட்சி இல்லையே, வேத வசனம் குறைவாக இருக்கிறதே என்று அளப்பவர்களும் உண்டு. பெரும்பாலும் இங்கே விசுவாசம் உள்ளவர்கள்தான் பாத்திரங்கள், நம்பிக்கொண்டே தடுமாறுகிறார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய நியூயார்க் சீமான்களில் பலர் இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்த எபிஸ்கோப்பல் சபையினர், ஆராதனையில் ஜெபப்புத்தகத்தைப் பார்த்து ஜெபித்தவர்கள். நாவலில் அவர்கள் நண்பரிடம் பேசுவதுபோல் ஜெபித்தால், அந்தக் குரல் இன்றைய எழுத்தாளருடையது.

காதல் காட்சிகள் முத்தத்தோடு நின்றுவிடும், அதுவும் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில். வேறு எதிர்பார்ப்போடு வந்தால் ஏமாற்றம்தான்.

வரிசையையும் வேகத்தையும் கவனிக்காமல் விடுவது

இவை பெரும்பாலும் மூன்று புத்தகங்கள் கொண்ட சீரிஸாக வரும், சிலவற்றுக்கு முன்கதையாக ஒரு குறுநாவல் மின்னூலாக மட்டும் இருக்கும். முதல் புத்தகத்தில் ஓரமாக நின்ற தோழி இரண்டாவதில் கதாநாயகி. இரண்டாவதை முதலில் எடுத்தால் முந்தைய ஜோடி கல்யாணமாகிக் குழந்தையோடு வந்து நிற்பார்கள். ஒரே ஆசிரியரின் மூன்றையும் தொடர்ந்து படிப்பதும் நல்லதல்ல. ஓடிப்போகும் நாய், ஆள்மாறாட்டம், ஒட்டுக்கேட்கும் பாட்டி ஆகியவை திரும்பத் திரும்ப வருவது கண்ணை உறுத்தும். நடுவில் வேறு எதையாவது படியுங்கள்.

இதைச் சரித்திரப் பாடமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தெரு, உணவகம், ஓபரா அரங்கம் போன்றவை நிஜமாக இருக்கலாம். சீமான் வீட்டுப் பெண் துணையில்லாமல் துப்பறியக் கிளம்புவது கதைக்காகச் செய்தது. எந்த விருந்து நிஜம், எந்தக் குடும்பம் கற்பனை என்பதைக் கடைசியில் வரும் ஆசிரியர் குறிப்பில் சில எழுத்தாளர்கள் சொல்லியிருப்பார்கள். கதை முடிந்த பிறகே அதைத் திறங்கள், சில சமயம் முடிவும் அதிலேயே இருக்கும்.