கற்பனைப் பெத்தாங்க் போட்டியை மண்தரைக்கு இறக்குவது எப்படி

மாலையில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் வாகனங்களை நிறுத்திய பிறகு, கருங்கற்களைப் பார்த்தபடி நான்கு நண்பர்கள் உட்கார்ந்து பேசத் தொடங்கினால், எங்கள் அனுபவத்தில் அந்தப் பேச்சு மூன்றாவது சுண்டல் பொட்டலத்துக்குள் ஒரு மாபெரும் பெத்தாங்க் போட்டியில் வந்து நின்றுவிடும். பெத்தாங்க் என்பது தரையில் கிடக்கும் சிறிய மர உருண்டைக்கு அருகில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டுகளை வீசும் பிரெஞ்சு விளையாட்டு. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இரும்புக் குண்டு விளையாட்டைச் சேர்க்க வேண்டும் என்று அதன் அமைப்புகள் எடுத்த முயற்சி பலிக்கவில்லை என்பதால், அந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு இப்போது எங்கள் தெருவின் தலையில் விழுந்திருக்கிறது என்பது எங்களில் ஒருவரின் உறுதியான கருத்து. அவருடைய திட்டப்படி ஆயிரம் அணிகள் வரும், ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவப்படும், தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நேர்முக வர்ணனை நடக்கும், இறுதியாட்டத்தைக் கடலில் மிதக்கும் மேடையில் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட பேச்சை வீண்பேச்சு என்று தள்ளிவிடாமல், அதிலிருந்து ஒரே நாளில் முடியக்கூடிய உண்மையான தெருப்போட்டி ஒன்றை எப்படி எடுப்பது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். கற்பனை செய்யும் நாளில் யாரும் செலவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் அந்த நோட்டைத் திறந்து, ஒவ்வோர் ஆசைக்கும் அடியில் ஒளிந்திருக்கும் தேவை எது என்று பார்க்க வேண்டும். ஹெலிகாப்டர் என்பது போட்டி சரியாக எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதை ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பதன் மிகைவடிவம். மும்மொழி வர்ணனையின் அடியில் இருப்பது, எந்த அணி எந்தக் களத்துக்குப் போக வேண்டும் என்று உரக்கக் கூப்பிட ஒரு நல்ல குரல் வேண்டும் என்ற உண்மை. மிதக்கும் மேடைக்கு அடியில் கடல்தான் இருக்கிறது என்பதால் அதை அடித்துவிடலாம்.

ஆயிரம் அணிகள் என்ற எண்ணைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரான்சின் மார்செய் நகரில் 1962 முதல் நடந்துவரும் ‘மோந்தியல் லா மார்செய்யேஸ்’ போட்டியில் அதைவிடப் பெரிய கூட்டம் ஆண்டுதோறும் கூடுகிறது. அங்கே உலகச் சாம்பியன் ஒருவரும் மூட்டுவலிக்காரத் தாத்தா ஒருவரும் முதல் நாளில் ஒரே களத்தில் எதிரெதிரே நிற்க முடியும். ஆனால் அவர்களுக்குப் போரேலிப் பூங்காவும் பல நாட்களும் இருக்கின்றன, நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. தோற்றவர் வெளியேறும் முறையில் எத்தனை அணிகள் வந்தாலும், அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் வருவதே மொத்த ஆட்டங்களின் எண்ணிக்கை. ஆயிரம் அணிகளுக்கு 999 ஆட்டங்கள் என்பதைத் தாளில் எழுதிக் காட்டியபோதுதான் எங்கள் ஒலிம்பிக் நண்பர் முதன்முறையாக மௌனமானார். பேரம் 16 அணிகளில் படிந்தது.

ஓர் அணிக்கு இருவர், ஒவ்வொருவருக்கும் மூன்று குண்டுகள் என்ற இரட்டையர் ஆட்டத்தையே தேர்ந்தெடுங்கள். மூவர் அணி என்றால் ஆளுக்கு இரண்டு குண்டுகளே கிடைக்கும். அதோடு மூன்றாவது ஆளைத் தேடி அலைவதில் ஒரு வாரம் போய்விடும். பதினாறு அணிகளையும் நான்கு நான்காகப் பிரித்து நான்கு குழுக்கள் அமைக்க வேண்டும். ஒரு குழுவில் முதலில் இரண்டு ஆட்டங்கள் நடக்கும். பிறகு வென்றவர்கள் இருவரும் தமக்குள்ளும் தோற்றவர்கள் இருவரும் தமக்குள்ளும் மோதுவார்கள். இரண்டிலும் வென்ற அணி காலிறுதிக்குப் போகும், இரண்டிலும் தோற்ற அணி வீட்டுக்குப் போகலாம், ஒன்றில் வென்று ஒன்றில் தோற்ற இரண்டு அணிகள் மீதமுள்ள ஓரிடத்துக்காக மறுபடியும் ஆடும். காரைக்காலிலிருந்து விடியற்காலைப் பேருந்து ஏறி வந்த அணி அரை மணி நேரத்தில் தோற்று, அடுத்த பேருந்துக்கு நிற்கும் கொடுமை இந்த முறையில் நேராது என்பதற்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.

இந்தக் கணக்கில் குழு ஆட்டங்கள் இருபதும் காலிறுதி முதல் இறுதி வரை ஏழுமாக மொத்தம் 27 ஆட்டங்கள் வரும். நான்கு களங்கள் இருந்தால் குழு ஆட்டங்கள் ஐந்து வேளைகளில் முடியும்; காலிறுதி, அரையிறுதி, இறுதி ஆகியவற்றுக்கு மூன்று வேளைகள் போதும். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டு மணிக்குக் குழு ஆட்டங்கள் முடிந்து, சாப்பாட்டுக்கும் உச்சிவெயிலுக்கும் மூன்று மணி நேரம் விட்டு, மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள் கோப்பையைக் கொடுத்துவிடலாம். பதின்மூன்று புள்ளிகளை முதலில் எடுக்கும் அணியே வெல்லும் என்பது விதி என்றாலும், இரண்டு நிதானமான அணிகள் மோதினால் ஒரு மணி நேரம் போதாது. ஆகவே 45 நிமிடங்களில் விசில் ஊதி, நடந்துகொண்டிருக்கும் சுற்றுக்குப் பின் இன்னும் ஒரு சுற்று மட்டுமே உண்டு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள் (இரு அணிகளும் தம் குண்டுகளை எல்லாம் வீசி முடிப்பதே ஒரு சுற்று). இறுதியாட்டத்துக்கு மட்டும் விசில் வேண்டாம்.

களத்தைப் பொறுத்தவரை இந்த விளையாட்டு நமக்கு வசதியானது. இத்தாலியரின் போச்சே ஆட்டத்துக்கு மட்டமான தரையும் சுற்றுப்பலகையும் கனத்த பெரிய பந்துகளும் தேவைப்படுகின்றன. பெத்தாங்குக்கு மண்ணும் சரளையும் கலந்த, கொஞ்சம் மேடுபள்ளமான தரையே சிறப்பு. பெரிய போட்டிகளில் களம் 15 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். சிறிய போட்டிகளுக்கு 12க்கு 3 போதும். அப்படியானால் நான்கு களங்களைப் பக்கம் பக்கமாக வைக்க 12 மீட்டர் சதுரம் போதுமானது. எங்கள் நோட்டில் எழுதியிருந்த நாற்பதாயிரம் பேர் அமரும் அரங்கம், அளந்து பார்த்தபோது, ஒரு கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடத்துக்குள் அடங்கிவிட்டது. எல்லைக்கோட்டுக்கு ஆணியடித்துச் சணல் கயிறு கட்டலாம். கோலமாவு பார்வைக்கு அழகாக இருக்கிறதே தவிர இரண்டாவது ஆட்டத்துக்குள் அழிந்துவிடுகிறது, அதன்பின் எல்லை எங்கே என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது. மழைக்காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்த எண்ணத்தையே எடுக்காதீர்கள். தை, மாசி மாதங்கள்தான் உகந்தவை.

குண்டு ஒன்றின் விட்டம் 7.05 முதல் 8 சென்டிமீட்டர் வரையிலும் எடை 650 முதல் 800 கிராம் வரையிலும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஒரு களத்துக்குப் பன்னிரண்டு வீதம் நான்கு களங்களுக்கு 48 குண்டுகள், ஏறத்தாழ 34 கிலோ. இரண்டு ஸ்கூட்டர்களில் பிரித்து ஏற்றலாம், ஒன்றில் ஏற்றினால் முன்சக்கரம் உங்களை வணங்காது. பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்கும் ‘சொல்தா’ குடும்பம் எதுவும் பழக்கமாக இருந்தால், பரணில் துருப்பிடித்த குண்டுகள் இருக்குமா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்; கிடைத்தால் குண்டுகளோடு நீண்ட கதைகளும் வரும் என்பதால் மாலை முழுவதையும் ஒதுக்கிக்கொண்டு போங்கள். ஒரே களத்தில் ஆடும் இரு அணிகளின் குண்டுகளிலும் ஒரே மாதிரிக் கோடுகள் இருந்தால் குழப்பம் வரும், ஆகவே ஓர் அணியின் குண்டுகளுக்கு வண்ணப் பொட்டு வையுங்கள். வெயிலில் கிடக்கும் இரும்பு கையைச் சுடும். களத்துக்கு ஓர் ஈரத்துணி வேண்டும்.

குறிக்கட்டை 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறிய மர உருண்டை. பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பன்றிக்குட்டி என்ற பொருளில் ‘கொஷொனே’ என்கிறார்கள். பன்றிக்குட்டியைப் போலவே அது காணாமல் போகும், எனவே குறைந்தது பத்து வாங்கி வையுங்கள். வீசுபவர் நிற்கும் வட்டத்தை ஒவ்வொரு முறையும் மண்ணில் வரையலாம் என்றாலும், தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் 157 சென்டிமீட்டர் வெட்டி இரு முனைகளையும் இணைத்தால் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையம் கிடைத்துவிடும்.

விதிகளை நடுவர் மட்டும் அறிந்தால் போதாது, காலையில் எல்லோருக்கும் ஐந்து நிமிடம் விளக்க வேண்டும். முதலில் ஆடும் அணி குறிக்கட்டையை வட்டத்திலிருந்து ஆறு மீட்டருக்குக் குறையாமலும் பத்து மீட்டருக்கு மிகாமலும் வீசி, தன் முதல் குண்டையும் போடும். அதன்பின், குறிக்கட்டைக்கு எந்த அணியின் குண்டு அருகில் இல்லையோ அந்த அணியே, அருகில் கொண்டுவரும் வரையிலோ குண்டுகள் தீரும் வரையிலோ தொடர்ந்து வீச வேண்டும். எல்லாக் குண்டுகளும் தீர்ந்த பிறகு, எதிரணியின் மிக நெருங்கிய குண்டைவிட நெருக்கமாக இருக்கும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். குண்டு தரையைத் தொடும்வரை வீசுபவரின் இரண்டு பாதங்களும் வட்டத்துக்குள் ஊன்றியிருக்க வேண்டும். இந்த விதியில்தான் ஆட்டத்தின் பிறப்பே இருக்கிறது: தெற்கு பிரான்சின் லா சியோத்தா ஊரில், ஓடிவந்து வீசும் பழைய ஆட்டத்தை வாதநோயால் ஆட முடியாமல் போன ழூல் லெனுவார் என்பவருக்காக, நின்ற இடத்திலிருந்தே வீசும் முறை உருவாக்கப்பட்டது என்பது வரலாறு. ஊன்றிய கால்கள் என்ற பொருளுள்ள புரொவான்சால் மொழித் தொடரே பெத்தாங்க் என்ற பெயராயிற்று. எங்கள் அணியில் சராசரி வயது அறுபத்திரண்டு என்பதால் லெனுவாருக்குத் தொடக்கவிழாவில் மாலை போட வேண்டும் என்ற தீர்மானம் மட்டும் ஒருமனதாக நிறைவேறியது. படம் கிடைக்காததால் மாலையை வளையத்துக்குப் போட்டோம்.

அணியில் ஒருவர் வைப்பவர், மற்றவர் அடிப்பவர். வைப்பவர் குண்டை மெதுவாக உருட்டியோ உயர்த்திப் போட்டோ குறிக்கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்துவார். அடிப்பவர் எதிரியின் குண்டை நேராக மோதி விரட்டுவார். விரட்டிய குண்டு இருந்த இடத்திலேயே தன் குண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டால் அதற்குக் ‘கரோ’ என்று பெயர். அதை ஒரு முறை அடித்தவர் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அதைப் பற்றியே பேசுவார் என்பதால், அணி பிரிக்கும்போது அத்தகையவர்களை ஒரே குழுவில் போட்டுவிடுவது மற்றவர்களின் காதுகளுக்கு நல்லது.

நடுவரிடம் எஃகு டேப் ஒன்றும் அசையாத மனம் ஒன்றும் இருக்க வேண்டும். எது நெருக்கம் என்ற சந்தேகம் வந்தால் கடைசியாகக் குண்டு போட்ட அணி முதலில் அளக்க வேண்டும், எதிரணி திரும்ப அளந்து பார்க்கலாம், தீராவிட்டால் நடுவர் சொல்வதே முடிவு. அளக்கும்போது யாராவது குறிக்கட்டையைக் காலால் தள்ளிவிடுவது வழக்கம் என்பதால், அது நின்ற இடத்தைச் சுற்றி மண்ணில் அடையாளம் கீறச் சொல்லுங்கள். சென்ற முறை தெருநாய் ஒன்று களத்துக்குள் வந்து குறிக்கட்டையைக் கவ்விக்கொண்டு ஓடியது. அடையாளம் கீறியிருந்தால் அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கலாம். கீறாதவர் புகார் சொல்ல முடியாது என்பதே விதி. நான்கு புள்ளிகளைக் கையில் வைத்திருந்த அணி அந்த நாயை இன்றளவும் எதிரணியின் ஆள் என்றே சொல்கிறது.

பரிசைப் பற்றிய பேச்சில்தான் கற்பனை அதிகமாக ஓடும். தங்கக் குண்டிலிருந்து லா சியோத்தாவுக்கு விமானச் சீட்டு வரை எங்கள் நோட்டில் இருந்தது. நடைமுறையில் எவர்சில்வர் குடம் நன்றாகப் போகிறது, ஏனென்றால் கோப்பையைப் போல் அலமாரியில் தூசு படியாமல் தோற்றவர் வீட்டுக் கண்முன்னாலேயே தினமும் தண்ணீர் பிடிக்கும். ஒரு புள்ளிகூட எடுக்காமல் 13-0 என்று தோற்பவர்களுக்கும் ஏதாவது செய்தாக வேண்டும். பிரான்சில் அப்படித் தோற்றவர் மண்டியிட்டு, ‘ஃபனி’ என்ற பெண்ணின் பின்புறத்தைக் காட்டும் படத்துக்கோ சிலைக்கோ முத்தம் கொடுப்பது பழைய வேடிக்கை. குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வரும் தெருவில் இதைச் செய்ய முடியாது என்று எங்கள் குழுவின் பெண்கள் திட்டவட்டமாகக் கூறிவிட்டதால், வென்ற அணியினர் அனைவருக்கும் தோற்றவர்கள் தேநீரும் மசால்வடையும் வாங்கித் தர வேண்டும் என்று திருத்தினோம். இதில் ஒரு சிக்கல் உண்டு: வடை சூடாக வரும் நேரம் பார்த்துச் சில அணிகள் வேண்டுமென்றே இரக்கமில்லாமல் ஆடுகின்றன.

ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெறுங்கள், இரவு பத்து மணிக்கு மேல் நினைக்கவே வேண்டாம். குடிதண்ணீர்க் கேன்கள் ஆறு, நீர்மோர் ஒரு பானை, எலுமிச்சைச் சாதம் ஐம்பது பேருக்கு, நிழலுக்கு ஒரு சாமியானா, முதலுதவிப் பெட்டி. குழந்தைகள் குண்டு விழும் பக்கத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தனியாக நியமித்தே ஆக வேண்டும், ஏனெனில் முக்கால் கிலோ இரும்பு பறந்து வரும் விளையாட்டு இது.

இறுதியாட்டம் முடிந்து குடம் கைமாறியதும் உடனே யாரையும் கலையவிடாதீர்கள். விளக்கு வெளிச்சம் போவதற்குள் 48 குண்டுகளையும் எண்ணி, ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, உரியவரின் பையில் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். குண்டுகள் சரியாக இருக்கும். குறிக்கட்டைகளில் ஒன்பது இருக்கும். பத்தாவதைத் தேட வேண்டுமானால் கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், எச்சிலிலை போடும் இடத்துக்கு அருகில், அந்த நாய் வழக்கமாகப் படுக்கும் மணற்குவியலைக் கிளறிப் பாருங்கள்.