பிள்ளை 'தெரியல' என்று சொல்லும்போது பெற்றோர் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "அடுத்து என்ன படிக்கப் போற?" பிள்ளை "தெரியல" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விடும். சமையலறையிலிருந்து அம்மா அவசரமாக, "கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்" என்று குரல் கொடுப்பார். முதல் தவறு அங்கேதான். விருந்தாளிக்காகச் சொன்ன பதில் நாலே நாளில் வீட்டின் முடிவாக உறைந்துவிடும். "இன்னும் பாத்துக்கிட்டு இருக்கான்" என்று சொன்னால் யார் மானமும் போகாது.

அடுத்தது, அந்தத் 'தெரியல'வைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்வது. பல நேரம் அதற்குள் வேறொரு பேச்சு ஒளிந்திருக்கும். என் மகளும் இரண்டு மாதம் இதையேதான் சொன்னாள். நானும் திட்டினேன். ஒரு நாள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது வாய் திறந்தாள்: "எனக்குக் கணக்கு பிடிக்கலப்பா. ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தது வேஸ்ட்டுன்னு சொல்வீங்க." என் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அதனால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கோ ஆங்கில இலக்கியத்துக்கோ எந்த குரூப் படித்தவர்களும் போகலாம் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கு மட்டும் தெரிந்திருந்ததா என்ன?

பொறியியல்தான் என்று முடிவானாலும் குழப்பம் தீராது. கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும்: கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. அதற்கப்புறம் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரிகளையும் பிரிவுகளையும் விருப்ப வரிசைப்படி ஆன்லைனில் பதிவது. பிரவுசிங் சென்டரில் நான் பார்த்த காட்சி இது: உறவுக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு அப்பா கல்லூரி எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார், கடைக்காரர் தட்டுகிறார், படிக்கப் போகிற பையன் வாசலில் போன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பட்டியலில் முதலில் இருந்தது கட்டாயம் கிடைத்துவிடும் என்று தெரிந்த ஒரு கல்லூரி. "கிடைக்காததை மேல போட்டா சீட் போயிடும்" என்பது அவர் பயம். போகாது. பட்டியல் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கப்படும். தரவரிசையில் முன்னால் இருப்பவர்கள் எடுத்தது போக, உங்கள் வரிசையில் முதலில் எது காலியாக இருக்கிறதோ அது ஒதுக்கப்படும். எட்டாக் கல்லூரியை மேலே போட்டால் நஷ்டம் இல்லை. கட்டாயம் கிடைப்பதை முதலில் போட்டால்தான் வம்பு: அதுவே ஒதுக்கப்பட்டுவிடும், அதற்கு மேல் நகர வழியும் இருக்காது. இந்தப் பட்டியலைப் பிள்ளையே போடட்டும். ஒரு நோட்டில் எழுதி, இரண்டு நாள் அடித்துத் திருத்தட்டும். தனக்கு என்ன வேண்டும் என்பது அப்படி வரிசை மாற்றும்போதுதான் பல பேருக்குப் பிடிபடுகிறது.

காசு விஷயத்தில் இரண்டு தவறுகள். கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பே பயத்தில் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் கட்டிவிடுவது ஒன்று. கட்டியபின் பிள்ளையால் "வேண்டாம்" என்று சொல்லவே முடியாது. வீட்டு நிலைமையை மறைப்பது இன்னொன்று. "வருஷத்துக்கு இவ்வளவுதான் முடியும், மிச்சத்துக்குக் கடன்" என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். பதினேழு வயதுக்கு அது புரியும். சொல்லாமல் இருந்துவிட்டு நாலாம் வருஷம் சொல்லிக் காட்டுவதுதான் கொடுமை.

நீட்டை இன்னொரு முறை எழுதுவதா என்ற பேச்சை ரிசல்ட் வந்த அன்றே எடுக்காதீர்கள். சாப்பிடாமல், தூங்காமல் பிள்ளை ஒடுங்கிப் போனால் படிப்புப் பேச்சையே தள்ளி வையுங்கள். 104-ஐக் கூப்பிட்டால் மனநல ஆலோசனை கிடைக்கும்.

யோசனை கேட்கப் போகும் இடத்திலும் தவறுகிறோம். பெரிய வேலையில் இருக்கும் மாமாவிடம் அழைத்துப் போகிறோம். அவர் படித்தது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால். அந்தப் படிப்பில் இப்போது இரண்டாம் வருஷம் இருக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, "இதுல என்ன பிடிக்கல?" என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவில் சட்டம் படிக்கும் பெண்ணிடம் என் மகள் கேட்டாள். "நாள் முழுக்க படிச்சுக்கிட்டே இருக்கணும், கண்ணு வலிக்கும்" என்றாளாம் அவள். வீட்டுக்கு வந்து, "அவ்வளவுதானா?" என்றாள் இவள். முடிவு என்று இன்னும் எதுவும் சொல்லவில்லை. விண்ணப்பத்தின் கடைசித் தேதியை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.