செல்வம் ‘செலவம’ ஆன கதை: பெயர் பொறித்த தட்டு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு, வருகிறவர்கள் பெயரைப் பொறித்து எட்டுக் களிமண் தட்டுகள் செய்தேன். ஆட்டம் இல்லாமல் மேஜையில் உட்கார்ந்தவை ஐந்து.

முதலில் அளவில் கோட்டை விட்டேன். தேய்த்து விரித்த ஈரக் களிமண் மேல் வீட்டு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதே 27 செ.மீ.க்கு வெட்டினேன். நான் வாங்கியிருந்த ஸ்டோன்வேர் மண் (அதிக வெப்பத்தில் சுடும் களிமண்) காய்ந்து, சூளையில் இரண்டு முறை வெந்து வருவதற்குள் 12 சதவீதம் சுருங்கும். கைக்கு வந்தது 24 செ.மீ.கூட இல்லை, அப்பளம் வைக்க இடமில்லை. 27 வேண்டுமானால் அதை 0.88ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 30.7 வரும். வெறுமனே 12 சதவீதம் கூட்டினால் 30.2தான். மண்ணுக்கு மண் இந்தக் கணக்கு மாறும், விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அவசரம். தட்டின் விளிம்பு சீக்கிரம் காயும், நடு ஈரமாகவே இருக்கும்; அந்த இழுபறியில்தான் தட்டு வளைகிறது. மின்விசிறிக்குக் கீழே வைத்துவிடாதீர்கள். விளிம்பைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு வாரமாவது மெதுவாகக் காயவிடுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் கூடுதல் நாள். அப்புறம் முதல் சூடு, கிளேஸ் பூச்சு (சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படிவது), இரண்டாவது சூடு. வாடகைச் சூளை என்றால் அது நிரம்பும்வரை வேறு காத்திருக்க வேண்டும். விருந்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினால்தான் தூக்கம் வரும்.

பெயரில் பட்ட பாடு தனி. ஊசியால் அழகாக எழுதியிருந்தேன். மேலே கெட்டியாகப் பூசிய கிளேஸ் உருகி ஓடி, புள்ளிகளை எல்லாம் அடைத்துவிட்டது. செல்வம் சித்தப்பாவின் தட்டில் ‘செலவம’ என்று நின்றது. தமிழில் எழுதுகிறவர்கள் புள்ளியை மூங்கில் குச்சியால் பெரிதாக, ஆழமாகக் குத்துங்கள். மண் பாதி காய்ந்து, கையில் எடுத்தால் வளையாத பதத்தில் எழுதினால் பிசிறு வராது. அதைவிட, பெயரை விளிம்பில் போடுங்கள். நடுவில் போட்டால் பள்ளத்தில் சாம்பார் தங்கும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம், கிளேஸ் விஷயத்தில் முடியாது. சில பூச்சுகளில் ஈயமும் காட்மியமும் இருக்கும். நம் சாப்பாட்டில் புளி, எலுமிச்சை, தயிர் இல்லாத நாள் ஏது? புளிப்பு பட்டால் அவை உணவில் கசியும். உணவுக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருந்தாலும், சொன்ன வெப்பத்தில் சுட்டால்தான் அது உண்மை. எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு தட்டில் வைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் அது சுவரில் மாட்டத்தான். மாறாவிட்டாலும் ஈயம் இல்லை என்று ஆகிவிடாது. அதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி.

சூளை கிடைக்காதவர்கள் தானாகக் காயும் களிமண்ணில் தட்டு செய்து வார்னிஷ் அடிப்பதைப் பார்க்கிறேன். வேண்டாம், அது சாப்பாட்டுக்கு ஆகாது. அந்த மண்ணில் பெயர்ப்பலகை செய்து தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். கடையில் வெள்ளைப் பீங்கான் தட்டு வாங்கி, பீங்கானில் எழுதும் பேனாவால் விளிம்பின் அடிப்பக்கத்தில் எழுதி, பேனா உறையில் சொன்ன வெப்பத்தில் ஓவனில் சுட்டாலும் போதும்.

இன்னொன்று, எட்டுப் பேருக்கு எட்டுத் தட்டு செய்யாதீர்கள். பத்து செய்து, இரண்டைப் பெயர் இல்லாமல் விடுங்கள். ஒன்று உடையும், ஒன்று, சொல்லாமல் வந்து நிற்கும் அத்தைக்கு.