ரோபோவை மேடை ஏற்றுவதற்கு முன்

"பாட்டைக் கேட்டு என்னமா ஆடுது!" ரோபோ நடன வீடியோ பார்த்தவர்கள் அடிக்கடி சொல்வது இதுதான். தவறும் இங்கேதான் தொடங்குகிறது. அது பெரும்பாலும் பாட்டைக் கேட்பதே இல்லை.

2008 மே மாதம் அமெரிக்காவின் டெட்ராய்ட் சிம்பொனி இசைக்குழுவை, ஹோண்டாவின் மனித உருவ ரோபோவான அசிமோ முன்னால் நின்று கையசைத்து வழிநடத்தியது. மனிதர் ஒருவரின் கையசைவைப் படம்பிடித்து, அதைப் பார்த்து நிரல் எழுதியிருந்தார்கள். முதல் ஒத்திகையில் அசிமோ வேகத்தைக் குறைக்க, குழு இடம் தெரியாமல் தடுமாறிவிட்டது. மனித நடத்துநர் என்றால் அந்தக் கணமே உணர்ந்து சரிசெய்திருப்பார். நம் நட்டுவனார் ஆடுகிறவரின் காலைப் பார்த்தே தாளத்தைப் பிடித்துக்கொள்வாரே, அந்தக் கொடுக்கல் வாங்கல் இங்கே கிடையாது. ஆகவே நேரடி வாத்தியங்களோடு ஆட விடும்போது, ரோபோ பாடகருக்காகக் காத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பல்லவியை இன்னொரு முறை பாட ஆசைப்பட்டால் காரியம் கெட்டது. வாத்தியக்காரர்கள் காதில் தாளக் குறிப்பை ஓடவிட்டு, அவர்கள்தான் ரோபோவின் நேரத்துக்கு வாசிக்க வேண்டும்.

வீடியோவை நம்பி முன்பணம் கொடுப்பது அடுத்த தவறு. நாம் பார்ப்பது சரியாக வந்த டேக்கை மட்டும். தானாக ஆடுகிறதா, திரைக்குப் பின்னால் ஒருவர் இயக்குகிறாரா என்று கேட்டுவிடுங்கள். 2025 சீனப் புத்தாண்டுத் தொலைக்காட்சி விழாவில் யூனிட்ரீ நிறுவனத்தின் எச்1 என்ற ரக ரோபோக்கள் 16, மனிதர்களோடு யாங்கே என்ற சீன நாட்டுப்புற நடனம் ஆடிக் கைக்குட்டை சுழற்றின. அந்தச் சுழற்சி விரல் வித்தையல்ல, அதற்கென்றே கைநுனியில் பொருத்திய மோட்டார்கள். அழகு குறைந்துவிடவில்லை. ஆனால் அதே ரோபோவை வாடகைக்கு எடுத்தால் அதே ஆட்டம் வந்துவிடாது.

உண்மையில் பயப்பட வேண்டியது விழுவதைப் பற்றித்தான். எச்1 ஆள் உயரம், சுமார் 47 கிலோ. நிலை தடுமாறினால் சமநிலைக்காகக் கைகாலை வேகமாக வீசும். அப்போது பக்கத்தில் நிற்பவர், குழந்தை விழுவதைப் பார்த்ததுபோல், ஓடிப்போய்ப் பிடிக்கிறார். பிடிக்கவே கூடாது. மூட்டு இடுக்கில் விரல் சிக்கினால் மோட்டாருக்கு அது விரலென்று தெரியாது. விழட்டும், விலகி நில்லுங்கள். குழந்தைகளைச் செல்ஃபிக்காக ஒட்டி நிற்கவைப்பதும் வேண்டாம்.

தரையில் சுருளும் கம்பளம், குறுக்கே ஓடும் கேபிள், வழுக்கும் எல்இடி பலகை எல்லாம் ஒத்திகையிலேயே தெரிந்துவிடும், ஒத்திகையை அதே மேடையில் வைத்தால். வெறும் அரங்கில் ஒழுங்காக வேலைசெய்த வயர்லெஸ் ரிமோட், ஆயிரம் போன்கள் உள்ளே வந்ததும் தடுமாறலாம்.

அவசர நிறுத்தப் பொத்தானை விவரம் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். அழுத்தினால் ரோபோ அப்படியே உறைந்து நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பல ரோபோக்களில் மோட்டார் விசை அறுந்து, முட்டி மடங்கித் தொப்பென்று விழுந்துவிடும், பக்கத்தில் ஆடிக்கொண்டிருப்பவர் மேலேயே.