ட்ரெய்லரில் நைட்ரஜன் சிலிண்டர்: டயருக்குக் காற்று அடிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் சோட்வானா பே கடற்கரை மணலில் இறங்கும்போது டயரின் காற்றழுத்தத்தை 1 பாருக்குக் (பார் என்பது அழுத்த அலகு) குறைக்கிறோம். திரும்பத் தார் ரோட்டில் ஏறியதும் 2.2 பாருக்குக் கொண்டுவந்தாக வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு டர்பன் வரை வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறிக் கிழிந்துவிடும். வண்டிக்கு நான்கு, ட்ரெய்லருக்கு இரண்டு என ஆறு டயருக்கும் பேட்டரி கம்ப்ரசரால் அடித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் வெயிலில் வாடிப்போகிறார்கள். அதனால் 10 லிட்டர் நைட்ரஜன் சிலிண்டருக்கு மாறினேன்.

200 பாரில் நிரப்பினால் சுமார் 2000 லிட்டர் வாயு கிடைக்கும். என் டயர் ஒன்றின் உள்ளளவு ஏறக்குறைய 65 லிட்டர். 1.2 பார் ஏற்ற 78 லிட்டர் போதும். ஆறு டயருக்கும் 500 லிட்டருக்குள் முடிந்துவிடும். மூன்று பயணம் தாராளமாக வரும்.

சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, மேலும் கீழும் பட்டை போட்டு இறுக்குங்கள். வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) கழன்றிருக்க வேண்டும், வால்வுக்கு மூடி போட்டிருக்க வேண்டும். காருக்குள் வைக்கவே வேண்டாம். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, மூடிய இடத்தில் கசிந்தால் தெரியாமலே மூச்சை அடைக்கும்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ஆக்சிஜன் சிலிண்டருக்கும் வலப்புற மரைதான், ஆகவே மரை பொருந்துவதை நம்பாதீர்கள். டயருக்குள் ஆக்சிஜன் போனால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

இனி ரெகுலேட்டர். மாட்டியதும் அதன் கைப்பிடியை இடப்புறமாகத் திருகி, கையில் லொடலொடவென்று ஆடும் வரை தளர்த்துங்கள். அதற்குப் பிறகுதான் சிலிண்டர் வால்வைத் தொட வேண்டும். முதல் தடவை நான் கைப்பிடி உள்ளே திருகியிருந்ததைப் பார்க்காமல் வால்வைச் சட்டென்று திறந்துவிட்டேன். படாரென்று சத்தம், ஹோஸ் பாம்பு மாதிரித் துள்ளியது, கேஜ் (அழுத்தமானி) முள் கடைசிக்குப் போய் வளைந்து நின்றது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மச்சானின் முகத்துக்கும் கேஜ் கண்ணாடிக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. கேஜுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. வால்வைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மெதுவாகத் திறங்கள்.

அப்புறம் கைப்பிடியை வலப்புறம் திருகி 5 பாரில் வையுங்கள். நேராக 2.2-இல் வைத்தால் கடைசியில் ஊர்ந்துதான் ஏறும். சில விநாடி அடித்து, நிறுத்தி, தனி டயர் கேஜால் பாருங்கள். வாயு ஓடும்போது ரெகுலேட்டர் காட்டுவது டயரின் அழுத்தம் இல்லை. இதற்காகவே நல்ல டயர் கேஜுக்குக் காசு செலவழிக்கச் சொல்வேன்.

பின்சேர்ப்பு: அடுத்த பயணத்துக்குள் சிலிண்டர் காலியாகிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். வால்வை மூடாமல் கைப்பிடியை மட்டும் தளர்த்தி வைத்திருக்கிறார், சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் மூட்டில் வாயு கசிந்து போயிருக்கிறது. வேலை முடிந்ததும் முதலில் வால்வை மூடி, ஹோஸில் மிச்சமிருப்பதை வெளியேற்றி, பிறகு கைப்பிடியைத் தளர்த்துங்கள். மாட்டும்போதெல்லாம் மூட்டில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

வழியில் சாதாரணக் காற்று கலந்து அடிக்கலாமா என்றும் கேட்டிருந்தார். தாராளமாக அடிக்கலாம், காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.